டிசம்பர்ல சப்போரோ ட்ரிப், பையனுக்கு எக்சிமா: தோலுக்கு என்ன ஏற்பாடு பண்ணணும்?

பொங்கோல்_அம்மா
நவம்பர் 16, இரவு 10.40

வணக்கம் எல்லாருக்கும். ஸ்கூல் லீவுக்கு டிசம்பர் ரெண்டாவது வாரம் சிங்கப்பூர்ல இருந்து ஜப்பான் சப்போரோ போறோம், 8 நாள். நான், வீட்டுக்காரர், 6 வயசுப் பையன், மாமியார். டிக்கெட் போட்டப்ப பனி பாக்கப் போறோம்னு வீடே ஆடுச்சு, இப்ப நாள் நெருங்க நெருங்க எனக்கு மட்டும் வயித்தக் கலக்குது, ஏன்னா பையனுக்கு எக்சிமா, தோல் வறண்டு அரிக்கற நோய்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஜனவரியில சியோல் போயிருந்தோம், வெறும் 5 நாள்தான். முதல் நாள் ஒண்ணும் இல்ல. மூணாவது நாள் காலையில பாத்தா முழங்கை மடிப்பு ரெண்டும் கோடு கோடா வெடிச்சு ரத்தம் கசியுது, முட்டிக்குப் பின்னாடி சொறிஞ்சு சொறிஞ்சு தோலே தடிச்சுப் போச்சு, ராத்திரி அவனுக்கும் தூக்கம் இல்ல எங்களுக்கும் இல்ல. நான் என்ன பண்ணேன்னா, பாவம் புள்ளைக்குக் குளிருதேன்னு ஹீட்டரை ஃபுல்லா வச்சேன், நல்ல சூடா தண்ணி நிரப்பி அரை மணி நேரம் டப்புல உக்கார வச்சேன், அப்புறம் இங்க இருந்து கொண்டு போன பம்ப் பாட்டில் லோஷனைத் தடவுனேன். தடவுனா எரியுதும்மான்னு கத்துறான். அதுல எது தப்பு எது சரின்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

அப்புறம் மாமியார். சுகர் இருக்கு, பித்தவெடிப்பு இங்கயே இருக்கு. அவங்க சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், "ஒரு பாட்டில் தேங்காண்ணெய் போதும், எதுக்கு இவ்ளோ செலவு". என் கால் கதை வேற, ஆபீஸ் ஏர்கானுக்கே (ஏசிக்கே) முழங்காலுக்குக் கீழ சாம்பல் பூசுன மாதிரி வெளுத்துக் கிடக்கு, அங்க போனா என்ன ஆகும்னு தெரியல.

என்ன கிரீம் வாங்கணும், எவ்ளோ வாங்கணும், அங்க போயே வாங்கிக்கலாமா, ஹோட்டல்ல என்ன கவனிக்கணும்? பனி நாட்டுல இருந்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. நேத்து முஸ்தபா கடையில கிரீம் ரேக் முன்னாடி ஒரு மணி நேரம் நின்னுட்டு எதுவும் வாங்காம முறுக்கு மட்டும் வாங்கிட்டு வந்தேன்.


ஏர்கான்_அண்ணே
நவம்பர் 16, இரவு 11.25

தங்கச்சி, நான் தோல் டாக்டர் இல்ல, ஏர்கான் லைன்ல 22 வருஷமா இருக்கேன், காத்து பத்தி மட்டும் எனக்குத் தெரியும், அதைச் சொல்றேன்.

உன் பையன் தோலைக் கெடுத்தது குளிர்னு நெனைக்குற. குளிர் பாதிதான். மீதிப் பாதி நீ முடுக்கி வச்ச அந்த ஹீட்டர்.

கணக்கு இதுதான். 30 டிகிரி காத்து ஒரு கன மீட்டருக்கு சுமார் 30 கிராம் தண்ணியை ஆவியாப் புடிச்சு வச்சுக்கும். 0 டிகிரி காத்தால 5 கிராம்கூடப் புடிக்க முடியாது. அந்த 5 கிராம் காத்து ஹோட்டல் ரூமுக்குள்ள வருது, ஹீட்டர் அதை 22 டிகிரிக்கு ஏத்துது. 22 டிகிரி காத்துக்கு 19 கிராம் வேணும், கையில இருக்கறது 5. ஈரப்பதம் 25 சதவீதம்தான் வரும், வெளிய இன்னும் குளிர்னா அதுக்கும் கீழ. மீதியை எங்க இருந்து எடுக்கும்? உன் உதட்டுல இருந்து, மூக்குல இருந்து, பையன் முழங்கையில இருந்து. நம்ம ஊர்ல வெளிய சாதாரணமா 80க்கு மேல நிக்கும், ஏர்கான் போட்ட பெட்ரூம்லகூட 50, 60 இருக்கும். ஏர்கான் டிரெயின் பைப்புல சொட்டுற தண்ணி எல்லாம் உன் ரூம் காத்துல இருந்து புடுங்குன தண்ணிதான், அதுக்கே உன் கால் வெளுக்குதுன்னா பாத்துக்க.

அதனால ஹீட்டரை 20ல வை, அதுக்கு மேல வேணாம், போர்வை ஒண்ணு கூடப் போட்டுக்க. காத்துக்கு ஈரம் ஏத்துற மெஷின், அதான் ஹியூமிடிஃபையர், அதுக்கு ஜப்பான் ஹோட்டல்ல "காஷிட்சுகி"ன்னு பேரு, நெறைய எடத்துல ரிசப்ஷன்ல கேட்டாக் குடுப்பாங்க, சில ரூம்ல ஏற்கெனவே இருக்கும், தண்ணிதான் ஊத்தியிருக்க மாட்டாங்க. கிடைக்கலன்னா குளிச்ச டவலை நல்லா நனைச்சுப் பிழிஞ்சு ரூம்ல தொங்கவிடு, காலையில காய்ஞ்சு அப்பளமா இருக்கும், அப்ப தெரியும் நான் சொல்றது. குளிச்சு முடிச்சதும் பாத்ரூம் கதவைத் திறந்து விட்டுட்டு வா, ஃபேனைப் போடாத, அந்த ஆவி ரூமுக்குள்ள வரட்டும். ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு பத்து இருபது சிங்கப்பூர் வெள்ளிக்குள்ள கிடைக்கும், வாங்கிட்டுப் போ. 40க்கு மேல காட்டுனா நிம்மதியாத் தூங்கு.

இன்னொண்ணு, ஃப்ளைட்டுல ஈரப்பதம் 20க்கும் கீழ. சண்டை அங்கயே ஆரம்பிச்சுடும், இறங்கினப்பறம் தடவிக்கலாம்னு இருக்காத.


நைட்_ஷிஃப்ட்
நவம்பர் 17, காலை 8.15

நைட் முடிச்சுட்டு பஸ்ல உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க. நான் நர்ஸ், தோல் பேஷன்ட் நெறைய பாத்திருக்கேன். அண்ணே சொன்ன காத்துக் கணக்கு சூப்பர், அதையே தோல் பக்கத்துல இருந்து சொல்றேன்.

தோலோட மேல் அடுக்கு செங்கல் சுவர் மாதிரி, செங்கலுக்கு நடுவுல பூச்சா இருக்கறது கொழுப்பு, செராமைடு கொலஸ்டிரால் இதெல்லாம். எக்சிமா புள்ளைங்களுக்குப் பொறக்கறப்பவே அந்தப் பூச்சு வீக். நம்ம ஊர்க் காத்து ஈரமா இருக்கறதால ஓட்டைச் சுவரா இருந்தாலும் தண்ணி பெருசா வெளிய போகல. காஞ்ச காத்துல போய் நின்னா மடமடன்னு போயிடும். அதுக்கு மேல நீங்க சுடுதண்ணில அரை மணி நேரம் ஊறப் போட்டது, கோச்சுக்காதீங்க அக்கா, எண்ணெய்ச் சட்டியைச் சுடுதண்ணி ஊத்திக் கழுவுன கதைதான், இருந்த கொழுப்பும் போச்சு.

குளியல் வெதுவெதுன்னு 5 நிமிஷம், மிஞ்சினா 10. சோப்பு அக்குள், இடுக்கு, பாதம் இங்க மட்டும், அதுவும் வாசனை இல்லாத சோப்-ஃப்ரீ வாஷ். துவட்டுறப்ப தேய்க்காம ஒத்தி எடுங்க. உடம்பு லேசா ஈரமா இருக்கறப்பவே, ஒரு மூணு நிமிஷத்துக்குள்ள, பாத்ரூம் ஆவியிலயே நின்னு கிரீம் போட்டுடுங்க. டிரஸ் எடுத்து வச்சு, ஃபோன் பாத்து, அப்புறம் தடவலாம்னு வெளிய வந்தா பாதிப் பலன் போச்சு.

லோஷன் வேணாம். பம்ப் பாட்டில் லோஷன்ல தண்ணிதான் ஜாஸ்தி, இங்க பிசுபிசுக்காம இருக்கும்னு நாம வாங்குறது. வெடிச்ச தோல்ல அது எரியும், அதுல இருக்கற வாசனை, பிரிசர்வேடிவ் எல்லாம் உள்ள போய்க் குத்தும். டப்பாவில வர்ற கெட்டி கிரீம் வாங்குங்க, செராமைடு கிளிசரின் போட்டது, செராவே, கியூவி, செட்டாஃபில் எதுவா இருந்தாலும் பரவால்ல, பேரைவிட எவ்ளோ தடவுறீங்கங்கறதுதான் முக்கியம். அதுக்கு மேல கன்னம், முழங்கை, முட்டிப் பின்பக்கம் இங்க எல்லாம் வெறும் வாசலின். அது தோலுக்குத் தண்ணி குடுக்காது, இருக்கற தண்ணி வெளிய ஓடாம மூடி போடும், அந்த வேலையை அது அளவுக்கு செய்யற பொருள் வேற இல்ல, எரியவும் எரியாது. கடையில இருக்கறதுலயே மலிவு வேற.

அளவு கேட்டீங்க. எக்சிமா புள்ளைக்கு வாரத்துக்கு 250 கிராமாவது போகணும். 8 நாள் முடிஞ்சு டப்பா பாதி மிச்சம் இருந்தா நீங்க தடவல, பொட்டு வச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.

வீட்ல பழைய அக்வியஸ் கிரீம் டப்பா இருந்தா அதைத் தடவி விட்டுடாதீங்க, பல அக்வியஸ் கிரீம்ல சோடியம் லாரில் சல்பேட் இருக்கு, சோப்புல நுரை வர்றதுக்குப் போடுற சாமான், தோல்ல விட்டு வச்சா எக்சிமாவைக் கிளறும். சோப்புக்குப் பதிலா தேய்ச்சுக் கழுவிடலாம், அதோட சரி.

அரிப்பையும் அழற்சியையும் அடக்குற ஸ்டீராய்டு கிரீமுக்குப் பயப்படுறவங்கன்னு தோணுது, எக்சிமா புள்ளையோட அம்மா எல்லாருமே அப்படித்தான். போறதுக்கு முன்னாடி பொலிகிளினிக் (அரசாங்க கிளினிக்) போய் ஒரு டியூப் வாங்கிக்குங்க, எந்த எடத்துக்கு எது, எத்தனை நாள்னு எழுதி வாங்குங்க. நேஷனல் ஸ்கின் சென்டருக்கு, அதான் தோலுக்குன்னே இருக்கற அரசாங்க ஸ்பெஷலிஸ்ட் சென்டருக்கு, பொலிகிளினிக் லெட்டரோட போனா மானியம் உண்டு, ஆனா அப்பாயின்ட்மென்ட் டிசம்பருக்குள்ள கிடைக்கறது கஷ்டம், அதை நம்பி இருக்காதீங்க. அரிப்பு ஆரம்பிச்ச அன்னிக்கே மெலிசாப் போட்டா ரெண்டு மூணு நாள்ல அடங்கறது, பயந்துகிட்டுத் தள்ளிப் போட்டா ரெண்டு வாரம் இழுக்கும். ஆள்காட்டி விரலோட கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்குனா அரை கிராம், அது பெரியவங்க உள்ளங்கை ரெண்டு அளவு எடத்துக்குக் காணும்.

அப்புறம் நம்ம நிறத்துக்கு ஒரு விஷயம். புத்தகத்துல எல்லாம் எக்சிமான்னா சிவப்புன்னு போட்டிருக்கும், நம்ம புள்ளைங்களுக்கு சிவப்பாத் தெரியாது, கருத்து, இல்ல ஊதா மாதிரி, இல்ல சாம்பலாத் தெரியும். சிவக்கலயேன்னு விட்டுடாதீங்க. கையை வச்சுப் பாருங்க, சொரசொரன்னு சூடா இருந்தா ஆரம்பிச்சாச்சு. ஆறினப்பறம் அந்தக் கருப்புத் தழும்பு மாசக்கணக்கா நிக்கும், அதனால முன்னாடியே அடக்கிடறதுதான் புத்தி.

மஞ்சளாப் பொருக்கு கட்டுனாலோ, ஒரே அளவுல சின்னச் சின்னக் கொப்புளம் கூட்டமா வந்து வலியும் காய்ச்சலும் இருந்தாலோ கிரீம் போட்டுக்கிட்டு ஹோட்டல்ல உக்காராதீங்க, அன்னிக்கே டாக்டர். ட்ராவல் இன்ஷூரன்ஸ் எடுக்கறப்ப எக்சிமா இருக்குன்னு சொல்லி எடுங்க.


குன்னூர்_பாட்டி
நவம்பர் 17, பகல் 1.05

கண்ணு, நான் குன்னூர்ல எஸ்டேட்ல பொறந்து வளந்தவ, கல்யாணம் ஆகி சிங்கப்பூர் வந்து 38 வருஷம். மார்கழி மாசம் எங்க பக்கம் விடிகாலையில புல்லெல்லாம் வெள்ளையா உறைபனி கிடக்கும், எங்கம்மா எங்களுக்குத் தடவுனது எந்த டப்பாவும் இல்ல, தேங்காண்ணெய்தான், ஒடம்பு ஒண்ணும் கெட்டுப் போகல. ஒங்க மாமியார் சொல்றதுல ஞாயம் இருக்கு. அவங்க பேச்சைத் தட்டாத.

ஆனா ஒண்ணு சொல்லணும், தேங்காண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சுடும். ஊர்ல எங்கம்மா அடுப்போரமா பாட்டிலை வச்சிருப்பாங்க, இல்ல வெயில்ல வைப்போம். ஒங்க சப்போரோல பெட்டிக்குள்ள கெடந்தா மெழுகுவத்தி கணக்கா ஆயிடும், பாட்டில் வாய் வேற சின்னது, கவுத்தாலும் வராது. அதனால வாய் அகலமான டப்பாவுல ஊத்தி எடுத்துக்கிட்டுப் போ, கரண்டியால சொரண்டி உள்ளங்கையில வச்சாப் போதும், உருகிடும். நல்லெண்ணெய் அந்த அளவுக்கு உறையாது, காலுக்குப் போடலாம்.

சோப்புக்குப் பதிலா பயத்த மாவு. நாங்க எல்லாம் அதுதான். ஒதட்டுக்கு வெண்ணெய் இல்லன்னா நெய், ராத்திரி தொப்புள்ல ரெண்டு சொட்டு எண்ணெய்.


நைட்_ஷிஃப்ட்
நவம்பர் 17, பகல் 2.50

பாட்டி வணக்கம். தூங்கி எந்திரிச்சு ஒங்க பதிலைப் பாத்துட்டு சிரிச்சேன், எங்கம்மாவும் அதே தொப்புள் எண்ணெய்தான், அதால தோலுக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல, ஆனா கெடுதலும் இல்ல.

தேங்காண்ணெய் விஷயத்துல நான் உங்க பக்கம்தான், பெரியவங்க வறண்ட தோலுக்கு நல்லாவே வேலை செய்யும், ஈரத் தோல்ல போட்டா. காஞ்ச தோல்ல வெறும் எண்ணெய் தடவுனா மேலாகப் பளபளன்னு இருக்கும், உள்ள தண்ணி இல்லாததால கொஞ்ச நேரத்துல திரும்ப இழுக்கும். ஆலிவ் எண்ணெய், கடுகெண்ணெய் ரெண்டும் வேணாம், அது தோல் சுவரையே இளக்கிவிடும். பயத்த மாவு சாதாரணத் தோலுக்கு ஓகே, எக்சிமா பையனுக்கு வேண்டாம் பாட்டி, மாவு எவ்ளோ நைசா இருந்தாலும் தேய்க்கறப்ப உரசும், வெடிப்புல போய் ஒட்டிக்கும்.

அக்கா, உங்க மாமியாருக்கு. பித்தவெடிப்புக்கு யூரியா கிரீம், 10ல இருந்து 25 சதவீதம் வரைக்கும் கிடைக்கும், ராத்திரி குதிகால்ல தடவி காட்டன் சாக்ஸ் போட்டுப் படுக்கச் சொல்லுங்க, இப்பவே ஆரம்பிச்சாப் போறதுக்குள்ள பாதி மூடிடும். வெடிப்பு ஆழமா ரத்தம் வர்ற மாதிரி இருந்தா மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. விரல் இடுக்குல மட்டும் எதுவும் தடவ வேணாம், அங்க ஈரம் தங்கினா பூஞ்சை வரும். உங்க கால் வெளுப்புக்கும் அதே 10 சதவீத யூரியா போடலாம். சின்ன வயசுல இருந்தே கெண்டைக்கால் மீன் செதில் மாதிரி கட்டம் கட்டமா இருக்குதா பாருங்க, அப்படின்னா அது பரம்பரையா வர்ற இக்தியோசிஸா இருக்கலாம், குளிர்ல ஜாஸ்தியாகும், நம்ம ஊர் வெக்கையில பாதிப் பேருக்கு இருக்கறதே தெரியாது. பையனுக்கு யூரியா போட்டுடாதீங்க, வெடிச்ச எடத்துல பயங்கரமா எரியும்.

முக்கியமா ஒண்ணு. ஜப்பான்ல "கைரோ"ன்னு சூடு பேக் விப்பாங்க, கவரைப் பிரிச்சா மணிக்கணக்கா சூடு குடுக்கும், எல்லாரும் வாங்குவாங்க. சுகர்காரங்க கால்ல உணர்ச்சி கம்மியா இருக்கும், சுடுறது தெரியாது, நேராத் தோல்ல ஒட்டி வச்சா நாலு மணி நேரத்துல மெதுவா வெந்து கொப்புளம் ஆயிடும். அவங்க பாதத்துக்குக் கைரோ வேணவே வேணாம். தினம் ராத்திரி காலைத் திருப்பிப் பாத்துடுங்க.


டிரை_ஆயில்
நவம்பர் 17, மாலை 6.30

8 நாள் ட்ரிப்புக்கு இவ்ளோ பெரிய மீட்டிங்கா, எதுக்கெடுத்தாலும் பயந்து ஓவரா ஏற்பாடு பண்ற சரியான கியாசு கூட்டம் லா. நெறைய தண்ணி குடிங்க, தோல் தானா ஈரமா இருக்கும். முடிஞ்சுது கதை.


நைட்_ஷிஃப்ட்
நவம்பர் 17, மாலை 6.48

குடிக்கற தண்ணி கிட்னிக்குப் போகும் ப்ரோ, முழங்கைக்குப் போகாது. ஒடம்புல தண்ணி வத்திப் போயிருந்தா ஒழிய எக்ஸ்ட்ரா ஒரு லிட்டர் குடிச்சாத் தோல் ஈரமாகாது, டாய்லெட்தான் தேடணும், அதுவும் பனி டிரஸ் மூணு லேயர் போட்டுக்கிட்டு.


லண்டன்ல_ஒரு_தம்பி
நவம்பர் 18, காலை 6.20

சிங்கப்பூர் யீஷூன்ல வளந்தவன், இப்ப லண்டன்ல மாஸ்டர்ஸ், ரெண்டாவது வின்டர். அக்கா, முதல் வின்டர்ல நான் பண்ண முட்டாள்தனம் எல்லாம் சொல்றேன், நீங்க பண்ணாதீங்க.

என்.எஸ்.ல (தேசிய சேவையில) பழகின பழக்கத்துல குளிச்சதும் ஒடம்பு பூரா பிரிக்லி ஹீட் பவுடர், அதான் வேர்க்குரு பவுடர், கொட்டுவேன். இங்கயும் கொட்டுனேன். பவுடரோட வேலையே ஈரத்தை உறிஞ்சறது, இருந்த ஈரமும் போய் ஒரு வாரத்துல விலா ரெண்டு பக்கமும் அரிப்பு, நான் என்னமோ மூட்டைப்பூச்சின்னு மெத்தையைத் தூக்கிப் போட்டுத் தட்டிக்கிட்டு இருந்தேன்.

அடுத்தது ஹையலூரானிக் சீரம். கேர்ள்ஃப்ரெண்ட் சிங்கப்பூர்ல போடுவா, மூஞ்சி பளபளன்னு இருக்கும், அதையே வாங்கி இங்க ரேடியேட்டர் பக்கத்துல உக்காந்துகிட்டுப் போட்டேன், மூஞ்சி இழுத்துப் புடிச்ச மத்தளம் மாதிரி ஆயிடுச்சு. அது தண்ணியை இழுத்து வச்சுக்கற சாமான், நம்ம ஊர்ல காத்துல தண்ணி இருக்கு, இங்க காத்துல எங்க இருக்கு, அதனால தோலுக்கு அடியில இருந்து இழுத்து வெளிய விட்டுடுது. போட்டா மேல உடனே கெட்டி கிரீம் போட்டு மூடணும், இல்லன்னா போடாமலே இருக்கலாம்.

உதட்டை நக்காதீங்க, பையன் நக்காமப் பாத்துக்குங்க, எச்சில் காயறப்ப இன்னும் வெடிக்கும், வாயைச் சுத்தி கருப்பா வட்டம் விழுந்துடும், எனக்கு ரெண்டு மாசம் இருந்துச்சு. ஜில்லுன்னு இருக்கற மெந்தால் லிப்பாம் வேணாம், அது காரத்துக்கே திரும்பத் திரும்ப நக்கத் தோணும். வெறும் வாசலின் போதும்.

சன்ஸ்கிரீன் கட்டாயம். குளிருதே, வெயிலே இல்லயேன்னு தோணும், ஆனா புதுப் பனி 80 சதவீதம் வரைக்கும் புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிக்கும், மேல இருந்தும் வரும் கீழ இருந்தும் வரும். ஃப்ரெண்ட்ஸோட ஒரு நாள் ஸ்கீ போயிட்டு வந்து பாத்தா எனக்கு மூக்குக்கு அடியிலயும் தாடைக்கு அடியிலயும் கருத்திருந்துச்சு, நம்ம கலருக்கு சன்பர்ன் வராதுன்னு யார் சொன்னாங்களோ தெரியல.

கை விரல் ஜில்லிட்டு மரத்துப் போச்சுன்னா சுடுதண்ணில முக்காதீங்க. நான் முக்குனேன். மறுநாள் நாலு விரல் வீங்கி ஊதாக் கலர்ல ஒரே அரிப்பு, சில்பிளெயின்னு டாக்டர் சொன்னார், குளிர்ந்த ரத்தக்குழாய் திடீர்னு சூடு பட்டா வர்றது. அக்குள்ல கையை வச்சு மெதுவா சூடு ஏத்துங்க. கிளவுஸ் வெளிய வந்தப்பறம் தேடாம உள்ளயே போட்டுட்டு வாங்க.

கம்பளி நேராத் தோல்ல படக்கூடாது, உள்ள மெலிசா காட்டன், அதுக்கு மேல எதுவேணா போடுங்க. லண்டன்ல இன்னொரு கொடுமை தண்ணி, கெட்டில்ல வெள்ளையா படிஞ்சு நிக்கும், அவ்ளோ சுண்ணாம்பு, அந்தத் தண்ணில சோப்பு சரியாப் போகாது, தோல்லயே தங்கிடும். சிங்கப்பூர் பைப்புத் தண்ணியோட அருமை இங்க வந்துதான் தெரிஞ்சுது.


பொங்கோல்_அம்மா
நவம்பர் 18, இரவு 9.55

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல உக்காந்து எல்லாத்தையும் எழுதி எடுத்துக்கிட்டேன். அண்ணே, ஹீட்டர்தான் வில்லன்னு நான் கனவுலயும் நெனைக்கல. பாட்டி, மாமியார்கிட்ட உங்க பதிலைப் படிச்சுக் காட்டுனேன், "பாத்தியா, படிச்சவங்க சொல்றாங்க"ன்னு ரெண்டு நாளா ஒரே பெருமை, நர்ஸ் சிஸ்டர் எழுதுனதைப் படிச்சப்ப மட்டும் காது கேக்கல.

ரெண்டு சின்ன டவுட். நோபோரிபெட்சு ஆன்சென் ஒரு நாள் பிளான்ல இருக்கு, பையனை வெந்நீர் ஊத்துல இறக்கலாமா? கிரீம் டப்பாவை கையில எடுத்துட்டுப் போக விடுவாங்களா?


நைட்_ஷிஃப்ட்
நவம்பர் 19, காலை 7.50

பையனை இறக்காதீங்க. அங்க கந்தகத் தண்ணி நெறைய, சூடும் 40 டிகிரி கிட்ட, வெடிச்ச தோலுக்கு ரெண்டுமே ஆகாது. அவன் வெளிய பனியில விளையாடட்டும். நீங்க போனா 10 நிமிஷத்துல ஏறிடுங்க, நல்ல தண்ணி ஊத்திக் கழுவிட்டு அங்கயே கிரீம். மாமியார் ஆசைப்பட்டாங்கன்னா குதிகால் வெடிப்பு மூடியிருந்தா மட்டும், அதுவும் தண்ணி எவ்ளோ சூடுன்னு உங்க கையால பாத்துட்டு.

சாங்கி ஏர்போர்ட்ல கிரீம், ஜெல், வாசலின் எல்லாமே திரவக் கணக்குதான், கைப்பைன்னா 100 மில்லி டப்பாவுக்கு மேல விடமாட்டாங்க. பெரிய டப்பா செக்-இன் பெட்டில, சின்னதுல கொஞ்சம் மாத்தி கையில. ஸ்டீராய்டு டியூபும் கையில இருக்கட்டும், பெட்டி வேற ஊருக்குப் போயிட்டா அங்க மருந்துக் கடையில ஜப்பானிய எழுத்தைப் பாத்து முழிக்கணும். அரிப்புக்கு சூ பாம்னு ஒண்ணு இங்க கிடைக்கும், நேஷனல் ஸ்கின் சென்டர் டாக்டர் ஒருத்தர் உருவாக்குனது, செராமைடும் மெந்தாலும் கலந்தது. பெரியவங்களுக்குச் சட்டுனு அடங்கும், வெடிச்ச எடத்துல மட்டும் போடாதீங்க. பையனுக்கு வாங்கினா இங்கயே ஒரு தடவை கொஞ்சமா தடவிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க, புதுக் கிரீம் எதையும் அங்க போய் முதல் தடவை போடாதீங்க.


பொங்கோல்_அம்மா
டிசம்பர் 22, இரவு 11.10

வந்துட்டோம். யாராச்சும் பின்னாடி இதே கேள்வியோட வருவாங்க, அவங்களுக்காக எழுதுறேன்.

ரூமுக்குள்ள போனதும் மொத வேலையா மீட்டரை வச்சேன், 23. அண்ணே, உங்க கணக்கு சரியா இருந்துச்சு! காஷிட்சுகி கேட்டதும் சிரிச்ச முகமா கொண்டு வந்து குடுத்தாங்க, ஆனா அது ராத்திரி மூணு மணிக்கே தண்ணி தீந்து நின்னுடும், ரெண்டு டவலும் நனைச்சுப் போட்டா காலையில 40, 42. மூணாவது நாள் நான் அசந்து தூங்கிட்டேன், தண்ணி ஊத்தல, டவல் போடல, காலையில பையன் மூக்குல ரத்தம். நாலாவது நாள்ல இருந்து அவனே மீட்டரைப் பாத்து "அம்மா, 31 ஆயிடுச்சு"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டான்.

முழங்கை மடிப்பு வெடிக்கல. 8 நாளும் வெடிக்கல, எனக்கு அதை எழுதுறப்பவே நம்ப முடியல. பாத்ரூமுக்குள்ளயே நின்னு கிரீம், அதுக்கு மேல வாசலின், வெளிய கிளம்பறதுக்கு முன்னாடி கன்னத்துக்கு இன்னொரு தடவை. ஒரு எடத்துலதான் கோட்டை விட்டேன், ஸ்கார்ஃப். உள்ள எல்லாம் காட்டன் போட்டுட்டு கழுத்துக்குக் கம்பளி ஸ்கார்ஃப் சுத்திவிட்டேன், தாடைக்கு அடியில கருத்து சொரசொரன்னு ஆரம்பிச்சுது, அன்னிக்கு ராத்திரியே ஸ்டீராய்டு மெலிசா போட்டேன், பொலிகிளினிக்ல எழுதிக் குடுத்த மாதிரி மூணு நாள், அடங்கிடுச்சு.

மாமியார் தேங்காண்ணெயை பாட்டிலோடயே எடுத்துட்டு வந்தாங்க, அகல டப்பாவுக்கு மாத்துங்கன்னு நான் சொன்னா கேப்பாங்களா. ரெண்டாவது நாளே கல்லாயிடுச்சு. ஹோட்டல் ஹேர் டிரையரை எடுத்து பாட்டிலுக்குச் சூடு காட்டி உருக்கித் தடவிக்கிட்டாங்க, டெய்லி, வீட்டுக்காரர் அதை வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டுட்டாரு. ஆனா யூரியா கிரீமும் போட்டாங்க, நான் பாக்காதப்ப. குதிகால் இப்ப எனக்கு இருக்கறதைவிட நல்லா இருக்கு.

கடைசியில அடிபட்டது வீட்டுக்காரர்தான். எனக்கு எதுக்கு இதெல்லாம், பொம்பளைங்க சமாச்சாரம்னு ஒண்ணும் தடவல, ஃபோட்டோ எடுக்கறேன்னு கிளவுஸைக் கழட்டிக் கழட்டி கை விரல் முட்டி பூரா வெடிச்சு, உதடு நடுவுல பொளந்து, நோபோரிபெட்சுல கந்தகத் தண்ணில அரை மணி நேரம் உக்காந்துட்டு வந்து ராத்திரி முதுகைச் சொறிஞ்சு விடச் சொல்றாரு. இப்ப வீட்ல உக்காந்து பையனோட டப்பாவை எடுத்துத் தடவிக்கிட்டு இருக்காரு.

முஸ்தபால வாங்குன கெட்டி கிரீம் ஒரு டப்பா திறக்காம அப்படியே மிச்சம் இருக்கு, 2 காட்டன் உள் சட்டையும் பையனுக்குச் சின்னதாப் போச்சு, போடவே இல்ல. ஜனவரியில யாராச்சும் குளிர் நாட்டுக்குப் போறீங்கன்னா சொல்லுங்க, பொங்கோல் எம்.ஆர்.டி. ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்கலாம்.